ஹட் பேயில் ஊழியம்: கப்பல், நத்தை, ஒரு பன்றிக்குட்டி

லிட்டில் அந்தமானுக்கு மிஷன் எங்களை அனுப்புகிறது என்று தெரிந்ததும், தூத்துக்குடி மாவட்டத்தில் எங்கள் ஊரான நாசரேத்தில் ஆளாளுக்கு வந்து பாம்பு, முதலை, சுனாமி என்று பயமுறுத்திவிட்டுப் போனார்கள். சூரியனைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. இங்கே ஓடுவதும் நாசரேத்தில் ஓடும் அதே கடிகாரம்தான். ஆனால் லிட்டில் அந்தமானில் நாங்கள் இருக்கும் ஹட் பே சென்னையைவிட பர்மாவுக்குப் பக்கத்தில். மே மாதம் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து எழுப்பிவிடும். நவம்பர் கடைசியில் மாலை ஐந்து அடிப்பதற்குள் சூரியன் மறைந்துவிடும். ஊரில் இரண்டாவது காபிக்கு அடுப்பு மூட்டுகிற நேரத்தில் இங்கே கொசுவர்த்தி ஏற்றியாக வேண்டும்.

ஊழியக்காரரான என் வீட்டுக்காரர், இவர், ஊர்ப் பழக்கத்தில் ஞாயிறு மாலை ஆராதனையை ஆறரைக்கு வைத்தார். சபையார் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்கள். பாவம், விடிவதற்கு முன்பே எழுந்து வேலை பார்த்தவர்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பாதிப் பேருக்குத் தலை தொங்கிவிட்டது. சரி, நான்கு மணிக்கு வைத்துக்கொள்வோம் என்று முடிவானது. அங்கேதான் கப்பலோடு மோதினோம்.

போர்ட் பிளேரிலிருந்து ஹட் பேக்குக் கடல் வழியாகச் சுமார் 120 கிலோமீட்டர். போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். எங்கள் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், இன்னும் பழைய பெயர்தான் புழங்குகிறது. தக்காளி, முட்டை, மருந்து, பிள்ளைகளின் நோட்டு, விருந்தாளி எல்லாம் கப்பலில்தான் வந்தாக வேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றுவிட்டால் முட்டைக்குத் திடீரென்று ஒரு மரியாதை வந்துவிடும். யார் வீட்டில் ஆம்லெட் வாசனை வந்தது என்பது அன்றைய முக்கியச் செய்தி.

அப்படிக் கப்பல் நின்று மறுபடி ஓடத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவர் யோனாவைப் பற்றிப் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தார். யோனா தர்ஷீசுக்குக் கப்பல் ஏறி, கீழ்த்தட்டில் படுத்து, அயர்ந்து தூங்குகிறான். சரியாக அந்த இடத்தில் ஜெட்டிப் பக்கமிருந்து நிஜக் கப்பல் ஊதியது.

முதலில் எழுந்தவர் மளிகைக்கடைக்காரர். தலையைக் குனிந்து, மரியாதையாக, நழுவினார். அடுத்து அவரிடம் தக்காளி சொல்லி வைத்திருந்தவர்கள். அப்புறம் ஆட்டோ ஓட்டும் தம்பி. பாடகர் குழு ஓரமாக நகர்ந்துகொண்டே போனது; கடைசியில் கீபோர்டு வாசிக்கும் பையனும் கீபோர்டை அணைத்துவிட்டுப் போனான். மிஞ்சியது நானும் பிள்ளைகளும், கண்ணை மூடி ஜெபத்தில் இருந்த ஒரு பாட்டியும். பாட்டிக்குக் காது கேட்காது. யோனாவை மீனின் வயிற்றுக்குள் அனுப்பாமலே இவர் ஆசீர்வாதம் கூறி முடித்துவிட்டு ஜெட்டிக்கு ஓடினார். அத்தையின் பார்சல் அந்தக் கப்பலில்தான் இருந்தது.

பார்சலில் கருப்பட்டி, அப்பளம், மோர் மிளகாய், இவற்றோடு இரண்டு கிலோ தூத்துக்குடிக் கருவாடு. நான்கு பக்கமும் மீன் துள்ளும் தீவுக்கு வங்கக்கடல் தாண்டிக் கருவாடு! போனில் கேட்டால், "அந்த மீனையெல்லாம் யாரு கண்டா" என்கிறார் அத்தை. சொல்லக் கூடாது, அதை வறுத்தபோது அக்கம்பக்கத்து வங்காளி வீடுகளிலிருந்தெல்லாம் விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

கூடவே ஈரச் சாக்கில் சுற்றிய முருங்கைக் கொம்பு ஒன்றும் வந்தது. நட்டோம், துளிர்த்தது. விடிந்து பார்த்தால் துளிரைக் காணோம். உள்ளங்கை நிறைக்கும் ஆப்பிரிக்க நத்தைகள் வரிசையாகக் கொம்பில் ஏறிக்கொண்டிருந்தன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரர்கள் அந்தமானைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் வந்து சேர்ந்தவையாம். 1945-இல் ஜப்பான்காரர்கள் போய்விட்டார்கள், நத்தைகளுக்குத் தகவல் சொல்லவில்லை. இப்போது குடும்ப ஜெபம் முடிந்ததும் இவர் டார்ச்சும் உப்புத் தண்ணீர் வாளியுமாகத் தோட்டத்தில் இறங்குகிறார். சகல ஜீவன்களிடமும் தயவு பாராட்டுவதைப் பற்றி அந்த நேரத்தில் அவரிடம் பேசக் கூடாது.

எங்களுக்கு இங்கே மிகவும் பிடித்த இடம் ஹர்மிந்தர் பே. கார் நிக்கோபாரிலிருந்து 1970களில் வந்து குடியேறிய நிக்கோபாரி மக்களின் ஊர். ஊழியக்காரர் என்றால் அவர்களுக்கு நாங்கள் புதிதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாருக்குப் போய்ப் பள்ளிக்கூடம் நடத்தினார். அவரிடம் படித்த பையன்தான் பின்னாளில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். புதிய ஏற்பாட்டை நிக்கோபாரி மொழியில் பெயர்த்தவர், 1952-இல் முதல் மக்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர். அந்த உபதேசியார் சேர்த்து வைத்த மரியாதையின் வட்டியில்தான் எங்களுக்கு இங்கே இளநீர் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களுக்கு ஒரு பன்றிக்குட்டியைப் பரிசாகக் கொடுத்தார். நிக்கோபாரி வீடுகளில் பன்றி என்பது பேங்க் டெபாசிட்டுக்குச் சமம். கல்யாணம், சாவு, விருந்து எதுவும் அது இல்லாமல் நடக்காது. தேங்காய் போட்டு வளர்ப்பார்கள். ஆக, பெரிய மரியாதை. கொழுக்க வைத்து அடுத்த கிறிஸ்துமஸுக்குச் சமையுங்கள் என்பது பொருள்.

சின்னவள் அன்று சாயங்காலமே அதற்குச் செல்லப்பா என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்ததை எப்படிச் சமைப்பது? செல்லப்பா தினமும் ஒரு தேங்காய் சாப்பிடுகிறான். வீட்டுச் சட்னிக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். வீட்டு வேதபாடத்துக்கும் சிக்கல் வந்தது. கெட்ட குமாரன் கதையில் கொழுத்த கன்றை அடிக்கும் இடம் வந்தால், அதைத் தாண்டி வாசிக்கும்படி பெரியவன் கண் காட்டுகிறான். தங்கை அழுவாள்.

இந்த நிலையில் ஹர்மிந்தர் பேயில் பிரசங்கத்துக்கு அழைத்தார்கள். இவர் தேர்ந்தெடுத்தது மாற்கு ஐந்தாம் அதிகாரம், லேகியோன். சின்னவளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்தேன். இவர் இந்தியில் நன்றாகவே பேசினார். அசுத்த ஆவிகள் மனிதனைவிட்டுப் புறப்பட்டுப் பன்றிகளுக்குள் போயின, ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் மேட்டிலிருந்து பாய்ந்து கடலில் மாண்டன என்றதும் சபை முழுவதும் "ஐயோ" என்றது. பெண்கள் வாயில் கை வைத்தார்கள். குணமடைந்து, வஸ்திரம் உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருந்த அந்த மனிதனை அதன் பிறகு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு கிழவர் விரல்விட்டு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது அவர் இவரைத் தனியே அழைத்தார்.

"பாஸ்டர்ஜி, செய்தி நன்றாக இருந்தது. ஆனால் அந்த இரண்டாயிரத்துக்கும் சொந்தக்காரனுக்கு யார் பணம் கொடுத்தார்கள்?"

இவர் திருதிருவென்று விழித்து, அது வேதத்தில் எழுதியிருக்கவில்லை என்றார். கிழவர் சிறிது நேரம் யோசித்தார். அப்புறம் செல்லப்பா எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு, எங்கள் வீடு கடலுக்கு ரொம்பப் பக்கம், வேலியைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள் என்றார்.