வழிகாட்டி நூலின் முதல் பாதி

படங்களை ஒழுங்குபடுத்தவும் திருத்தவும் உதவும் அடோபியின் மென்பொருள் லைட்ரூம். அதன் வழிகாட்டி நூலைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் நேரே, படத்தைத் திருத்தச் சொல்லித்தரும் டெவலப் அத்தியாயத்துக்குத்தான் போவார்கள். மங்கிக் கிடக்கும் படம் பளிச்சென்று மாறுவதைப் பார்க்கும் ஆசை. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களும் கோயில் விழாப் படங்களுமாக வேலை பார்க்கும் எனக்கு, இத்தனை வருடங்களாகச் சோறு போடுவது அந்த நூலின் முதல் பாதிதான். படங்களை உள்ளே கொண்டுவருவது, பிரிப்பது, பெயரிடுவது, தேடி எடுப்பது பற்றிய பாதி.

வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஃபோட்டோஷாப் நன்றாகவே தெரியும். ஒரு படத்தைத் திறந்து மணிக்கணக்கில் திருத்தத் தெரியும். ஒரு கல்யாணம் முடிந்து ஆயிரக்கணக்கில் படங்கள் வந்து இறங்கும்போது அந்தத் திறமை மட்டும் போதாது. ஸ்டூடியோ முதலாளியை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு தடித்த புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார்.

"யூடியூப்ல எல்லாமே இருக்கேண்ணே" என்றேன்.

"இருக்கும்மா. உனக்கு எது தெரியலங்கிறது தெரிஞ்சாத்தானே அங்க போய்த் தேடுவ? இதை முதல் பக்கத்துலேருந்து படி."

படித்தேன். எம்ஆர்டி ரயிலில், சாப்பாட்டு நேரத்தில், வேலை முடிந்து வீட்டில். அது பழைய பதிப்பு. அடோபி 2017 அக்டோபரில் பழைய மென்பொருளுக்கு லைட்ரூம் கிளாசிக் என்று பெயர் மாற்றிவிட்டு, லைட்ரூம் என்ற பெயரை கிளவுடில் இயங்கும் புதிய மென்பொருளுக்குக் கொடுத்துவிட்டது. அதனால் சில இடங்களில் நூலும் திரையும் ஒத்துப்போகவில்லை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் மத்தியப் பொது நூலகத்தில் புதிய பதிப்பை இரவல் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். மெனு மாறியிருந்தது. அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படை கேட்டலாக். லைட்ரூமுக்குள் படங்கள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். படங்கள் ஹார்ட் டிஸ்கில், நாம் வைத்த ஃபோல்டரில்தான் இருக்கின்றன. நூலகத்தில் புத்தகம் அலமாரியிலும் அதன் விவரம் அட்டவணையிலும் இருப்பதுபோல, எந்தப் படம் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன திருத்தம் செய்தோம் என்ற விவரங்கள் மட்டும் கேட்டலாக் என்ற ஒரே கோப்பில் பதிவாகின்றன. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகும். லைட்ரூமுக்கு வெளியே போய் ஃபோல்டரை நகர்த்தினால் அது படத்தைக் காணாமல் கேள்விக்குறி போடும். அப்புறம், கேட்டலாகை பேக்கப் எடுத்தால் படங்களையும் பேக்கப் எடுத்ததாக ஆகாது. இரண்டையும் தனித்தனியே எடுக்கவேண்டும். எங்கள் ஸ்டூடியோவில் படங்கள் இரண்டு டிஸ்கில் இருக்கும். மூன்றாவது பிரதி அண்ணன் வீட்டில்.

படங்களைக் கழிப்பது அடுத்த பாடம். கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டு, வேண்டிய படத்துக்கு பி, வேண்டாததற்கு எக்ஸ் தட்டினால் தானாக அடுத்த படத்துக்குப் போகும். கையை எடுக்க வேண்டியதில்லை. சின்ன விஷயம்தான், ஆனால் ஒரு கல்யாணத்துக்கு அரை நாள் மிச்சமாகிறது.

படத்தைத் தேடி எடுக்க அதனோடு சேர்த்து வைக்கும் சொற்களான கீவேர்டுகளில்தான் அதிகம் உட்கார்ந்தேன். நூலில் விலங்கு, அதன்கீழ் பறவை என்று கிளை பிரித்துக் காட்டியிருந்தார்கள். எங்களுக்குத் தேவை வேறு. அலங்காரம் செய்ய வரும் பெரியம்மா ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நலங்கு, பாத பூஜை, முகூர்த்தம், தாலி கட்டு, அம்மி மிதித்தல் என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். செட்டியார் கல்யாணத்துக்கு ஒரு கிளை, தெலுங்குக் கல்யாணத்துக்கு ஒரு கிளை, மலையாளிகளுக்கு ஒன்று. முகங்களைத் தானாக அடையாளம் காணும் வசதி 2015இல் வந்தது. நல்ல வசதிதான், ஆனால் அக்காவையும் தங்கையையும் குழப்பிவிடும். பெயருக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு நம்மைக் கேட்கும். நாம் உறுதி செய்யும்வரை அதை நம்பக்கூடாது.

இந்த வேலையெல்லாம் எதற்கு என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு நாள் வந்த ஃபோனைப் பற்றிச் சொல்வேன்.

"அப்பா தவறிட்டாருங்க. தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கதான் எடுத்தீங்க. அதுல அவர் தனியா இருக்கற மாதிரி ஒரு படம் இருக்குமா? நாளைக்குக் காலையில வேணும்."

வருடத்தையும் குடும்பப் பெயரையும் கொடுத்து, "பெண்ணின் அப்பா" என்ற கீவேர்டைத் தட்டினேன். ஃபோனை வைப்பதற்குள் அவர் இருந்த படங்கள் எல்லாம் திரையில் வந்துவிட்டன. பந்தலோரம் நின்று யாரையோ பார்த்துச் சிரிக்கும் படம் ஒன்று. ஆல்பத்துக்காக அதைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரங்களை இருட்டாக்கி வைத்திருந்தோம். லைட்ரூம் மூலப்படத்தைத் தொடுவதே இல்லை, திருத்தங்களைக் குறிப்புகளாகத்தான் வைத்திருக்கிறது. அதனால் அதே படத்துக்கு இன்னொரு திருத்தக் குறிப்பாக ஒரு விர்ச்சுவல் காப்பி போட்டு, அதில் திருத்தங்களை நீக்கும் ரீசெட்டைத் தட்டியதும் வண்ணம் முழுவதும் திரும்பி வந்தது. பட்டு வேட்டியின் கரை, நெற்றியில் சந்தனம், வெற்றிலை போட்ட உதடு. ஃபிரேம் அளவுக்குப் பிரிண்ட் போட்டு அன்றைக்கே கொடுத்தோம். அந்தக் கேட்டலாக் ஒழுங்கில்லாமல் கிடந்திருந்தால் "தேடிப் பார்க்கிறோம்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, டெவலப் பாதிக்கு வருகிறேன். அதை நூலிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பனிமலை, கடற்கரை, வெளிர்நிற முகங்கள் என்றுதான் அதன் உதாரணங்கள் இருந்தன. முகம் பிரகாசமாகத் தெரிய ஆரஞ்ச் லூமினன்ஸை, அதாவது ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை, ஏற்று என்று சொல்லியிருந்தது. நம் மாநிற முகத்தில் அதை ஏற்றினால் உயிர் போய், சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். மஞ்சள், தங்க நகை, பட்டின் சரிகை எல்லாவற்றையும் அதே ஸ்லைடர் இழுத்துக்கொண்டு போகும். ஆன்லைனில் விற்கும் பிரீசெட்களில், அதாவது தயாராகச் சேமித்து வைத்த அமைப்புகளில், பாதி இதைத்தான் செய்கின்றன. எங்களுக்கு அவை வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பெண்ணின் அம்மாக்கள் சிலர், "கொஞ்சம் வெள்ளையா பண்ணிடும்மா" என்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. திருத்தம் முகத்துக்கு மட்டும் படும்படி ஒரு மாஸ்க் போட்டு, நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை லேசாக ஏற்றுவேன். அவர்கள் கேட்ட மாதிரியும் ஒன்று செய்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவேன். பெரும்பாலும் முதலாவதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். "இதுதான் என் பொண்ணு மாதிரி இருக்கு" என்று ஒரு அம்மா சொன்னதை நான் பெரிய பாராட்டாக வைத்திருக்கிறேன்.

தைப்பூசம் இன்னொரு பாடம். சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, முந்தைய இரவே தொடங்கி மறுநாள் முழுக்க நடக்கும். தெருவிளக்கு, விடியல், உச்சி வெயில் என்று ஒளி மாறிக்கொண்டே இருக்கும். ஒளியின் நிறத்துக்கு ஏற்ப வண்ணத்தைச் சரிசெய்யும் வைட் பேலன்ஸ் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருந்தால் ஒத்துவராது. நேரவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு படத்தைச் சரி செய்து, அதே திருத்தத்தை மற்றவற்றுக்கு சிங்க் செய்கிறேன். காவடி எடுத்தவரின் கறுத்த மார்பில் வெண்ணீறு இருக்கும். மார்புக்குப் பார்த்து வெளிச்சம் வைத்தால் திருநீறு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஆல்ட் கீயை அழுத்திக்கொண்டு, மிக வெளிச்சமான பகுதிகளைக் கட்டுப்படுத்தும் வைட்ஸ் ஸ்லைடரை நகர்த்தினால் திரை முழுக்கக் கறுப்பாகி, விவரம் தொலைந்த இடங்கள் மட்டும் மின்னும். விரல் பூசிய கோடுகள் தெரியும்வரை குறைத்துக்கொண்டே வருவேன். பக்தர் பூசிய விரல்தடம் படத்தில் இருக்க வேண்டும்.

உரிமை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், இங்கே தொழில் செய்பவர்களுக்கு அது முக்கியம். 2021 நவம்பர் 21இல் சிங்கப்பூரின் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. அதற்கு முன், காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னவருக்கே பொதுவாக உரிமை. இப்போது ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் எடுத்தவருக்கு. சம்பளத்துக்கு எடுத்தால் முதலாளிக்கு. அதனால் இம்போர்ட் செய்யும்போதே ஸ்டூடியோவின் பெயரும் ஆண்டும் ஒவ்வொரு படத்தோடும் சேர்ந்திருக்கும் விவரக் குறிப்பான மெட்டாடேட்டாவிலும் பதியும்படி ஒரு பிரீசெட் வைத்திருக்கிறோம்.

இப்போது அண்ணனின் பழைய ஃபிலிம் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்துகொண்டிருக்கிறேன். ஸ்கேன் செய்த படத்தில் ஸ்கேன் செய்த தேதிதான் இருக்கும். 1980களின் கல்யாணம் இந்த மாதத்துக் கல்யாணங்களுக்கு நடுவே போய் நிற்கும். எடிட் கேப்ச்சர் டைம் என்ற கட்டளையில் உண்மையான தேதியைக் கொடுத்தால் அதன் இடத்துக்குப் போய்விடும். கவரில் அண்ணன் தேதி எழுதியிருந்தால் வேலை சுலபம். எழுதாதவற்றுக்கு "ஆண்டு தெரியவில்லை" என்று ஒரு கீவேர்டு போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். அந்தக் காலத்து வாடிக்கையாளர்கள் யாராவது கடைப்பக்கம் வந்தால், டீ வாங்கிக்கொடுத்துத் திரைமுன் உட்காரவைத்து, இவர் யார், இது எந்தக் கோயில், எந்த வருடம் என்று கேட்டுக்கொள்கிறேன்.