குட்டிக்கரணம் போடக் காசா?

"குட்டிக்கரணம் போடவா மாசாமாசம் இவ்வளவு வெள்ளி கட்டுறே?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அவர் சின்ன வயதில் ஊரில் வைக்கோல்போரில் போட்டதற்கு யாரும் கட்டணம் வாங்கவில்லை. எங்கள் வீடு பன்னிரண்டாம் மாடியில், வைக்கோலுக்கு எங்கே போவது?

மகள் இப்போது தொடக்கநிலை இரண்டு. சீருடற்பயிற்சிக்கு (ஜிம்னாஸ்டிக்ஸ்) போக ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. முதல் மாதம் முழுக்க விழுவதற்குத்தான் பழக்கினார்கள்: கையை விறைப்பாக ஊன்றாதே, முழங்காலை மடக்கு, தாடையை நெஞ்சோடு ஒட்டி உருளு. இதுக்கா பணம் என்று எனக்கே தோன்றியது. போன மாதம் புளோக் கீழே ஈரத்தரையில் சறுக்கியவள், அப்படியே உருண்டு எழுந்து, முட்டியைத் தட்டிவிட்டு ஓடினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கை நடுங்கியது.

குதித்து இறங்கும்போது வரும் அதிர்வும், கைகளில் உடம்பைத் தாங்குவதும் வளரும் எலும்பை அடர்த்தியாக்கும். நீச்சல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அருமை, ஆனால் நம் எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்வதால் எலும்புக்கு அந்த வேலை அவ்வளவாகக் கிடைக்காது. அதற்காக வாரம் ஒரு வகுப்போடு கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அசைவு வேண்டும், அதோடு தசையையும் எலும்பையும் வலுவாக்கும் பயிற்சி வாரத்தில் 3 நாளாவது வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். இன்னொன்று, இந்த வகுப்பு கூரைக்குள் நடப்பது. கிட்டப்பார்வை இவ்வளவு சகஜமான சிங்கப்பூரில் பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் விளையாடுவதும் முக்கியம், அதை எந்த மெத்தையும் தராது.

நடுவில் மணிக்கட்டு வலி வந்தது. "பழகினால் சரியாகிடும்" என்றார் பயிற்றுநர். எனக்கு மனசு கேட்கவில்லை, மருத்துவரிடம் கூட்டிப்போனேன். மணிக்கட்டில் எலும்பு வளரும் பகுதி இந்த வயதில் இன்னும் மிருதுவாக இருக்கும், திரும்பத் திரும்ப பாரம் ஏற்றினால் அங்கே அடிபடும் என்று விளக்கி, மூன்று வாரம் கையூன்றக் கூடாது என்றார். அவள் அழுதாள். நான் மசியவில்லை.

இப்போது வகுப்பு முடிந்ததும் நேரே கீழே விளையாட்டுத் திடலுக்குத்தான். கம்பியில் தொங்குகிறாள், உள்ளங்கையில் காய்ப்பு. எண்ணுவது பாட்டியின் வேலை. இருபதைத் தாண்டினால் அவருக்குப் பொறுக்காது: "போதும் இறங்குடி, கை கழண்டு வந்துடப் போகுது!"