அம்மாவின் நேர்த்திக்கடன்

தம்பிக்குப் பத்து வயதில் மஞ்சள் காமாலை முற்றி, பிழைக்க மாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். அன்று அம்மா ஆரோக்கிய மாதாவிடம் வைத்த வேண்டுதல், தஞ்சாவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்தே வருவதாக. தம்பி பிழைத்தான். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. கடைசியாகப் படுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ நடந்து முடிச்சிடுப்பா" என்றார்.

அந்தத் தம்பியோடு எனக்கு நாலு வருடமாகப் பேச்சில்லை. வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை வயல் என்னுடையது. ஒரு குறுவையில் அவன் ராத்திரியில் மடையை அடைத்துவிட்டான், என் பயிர் கருகிப்போனது. யாருக்காக வைத்த வேண்டுதல், யார் நடக்கிறேன் பாருங்கள்.

ஆகஸ்ட் 29ஆம் தேதி மாதா கோவில் திருவிழாக் கொடியேற்றம். அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஊர்க்காரர்களோடு காவி உடுத்திக் கிளம்பினேன். அம்மாபேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று சுமார் 90 கிலோமீட்டர். வழியெல்லாம் செபமாலை. ஒரு செபமாலைக்குக் கர்த்தர் கற்பித்த செபம் ஆறு முறை வரும். அதில் 'தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல' என்ற அடி வரும்போதெல்லாம் வாயை மட்டும் அசைத்தேன். வீட்டிலும் நாலு வருடமாக அப்படித்தான். நடக்கும்போதோ அந்த அடி ஓயாமல் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் வாய்க்கால் நிறையத் தண்ணீர் வேறு ஓடியது. அதைப் பார்க்கப் பார்க்க எரிந்தது.

இரண்டாம் நாள் கொரடாச்சேரி தாண்டியதும் பாதத்தில் கொப்புளம் உடைந்து, ஒரு வீட்டுத் திண்ணையில் சாய்ந்துவிட்டேன். நெற்றி நிறைய விபூதி பூசிய பாட்டி ஒருவர் சொம்பில் நீர்மோர் கொண்டுவந்தார். "மாதா கோவிலுக்குத்தானே? குடிப்பா." அப்புறம் கேட்காமலேயே வெந்நீரும் மஞ்சளும் எடுத்துவந்து கீழே உட்கார்ந்து என் காலைக் கழுவினார். கூசிப்போய் இழுத்துக்கொண்டேன். "சும்மா இரு, என் மகன் கால்னா கழுவ மாட்டேனா" என்றார். இயேசு சீடர்களின் பாதத்தைக் கழுவியதை நினைத்து பெரிய வியாழன் பூசையில் செய்யும் பாதம் கழுவும் சடங்கை எத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்! அன்றுதான் அது எனக்குப் புரிந்தது. வேளாங்கண்ணியில் நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற கால் ஊனமுற்ற பையனிடம் மாதா அந்தக் காலத்தில் மோர் கேட்டாள் என்பார்கள். இங்கே அவளே கொடுத்தனுப்பினாள் என்றுதான் நான் நம்புகிறேன்.

வேளாங்கண்ணியில் நுழைந்ததும் லாட்ஜ் ஆட்கள் சூழ்ந்துகொண்டார்கள். மூவாயிரம், நாலாயிரம் என்று வாய்க்கு வந்த வாடகை. நடந்து வந்தவர்களிடமா இப்படிப் பறிப்பது? மனம் கசந்தது. கடற்கரையில் துண்டை விரித்துப் படுத்தோம். காலையில் மணல் பாதையில் முழந்தாளில் போனேன். உடைந்த கொப்புளம் மணலில் உரசியது, அப்போதும் வலி பெரிதாகத் தெரியவில்லை.

திருத்தந்தை 23ஆம் யோவான் இந்தக் கோவிலைப் பேராலயமாக உயர்த்திய 1962இல்தான் அம்மா பிறந்தார். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார். அந்தப் பேராலயத்துக்குள் கூட்டம் என்னைத் தூக்கிக்கொண்டே போய் பீடத்துக்கு முன்னால் நிறுத்தியது. சேலை உடுத்தி, கையில் பாலனோடு தாய். கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் அடுக்கி வைத்திருந்தேன். மகள் படிப்பு, கடன், போர்செட். ஒன்றும் வரவில்லை. "அம்மா, தம்பி நல்லா இருக்கணும்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "நகருங்க, நகருங்க" என்று தள்ளினார்கள். எவ்வளவு நேரம் நின்றேன் என்றே தெரியவில்லை. நான் வெளியே வந்த பிறகும் கண்ணீர் மட்டும் நிற்கவில்லை. தாயே, உமக்கு நன்றி. நாலு வருடம் தொண்டையில் நின்றதை ஒரு நொடியில் எடுத்துவிட்டீரே.

கொடிமரத்தடியில் நின்று அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேருமே பேசவில்லை.

"அண்ணே, கால் ரொம்ப வலிக்குதா? நீ நடக்குறேன்னு அண்ணி சொல்லிச்சு."

"பரவாயில்லடா. அம்மா கடன் முடிஞ்சுது."

"மாதா எண்ணெய் எனக்கும் ஒரு பாட்டில் வாங்கிட்டு வாண்ணே."

சரி என்று இரண்டு பாட்டில் வாங்கினேன்.