காலியிடம்

நீதிமன்றத்தின் நிர்வாகப் பிரிவில் நான் எழுத்தராக இருந்த காலத்தில், பணியில் இருக்கும்போதே இறந்துபோனவர்களின் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். குடும்ப ஓய்வூதியம், ஈட்டிய விடுப்புக்கான பணம், கருணை அடிப்படையில் வேலை கோரும் மனு என ஒரு மரணம் எனக்கு ஐந்தாறு படிவங்களாகவே அறிமுகமாகும். ஒரு முறை, சக ஊழியர் ஒருவர் மாரடைப்பால் இறந்த செய்தி முற்பகலில் வந்தது. மலர்வளையம் வாங்கப் பணம் திரட்டிக்கொண்டிருந்தபோதே மூன்று பேர் தனித்தனியாக வந்து பணிமூப்புப் பட்டியலைக் கேட்டார்கள். அவர்கள் கேட்பதற்கு முன்பே நான் அதை அலமாரியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து டால்ஸ்டாயின் 'இவான் இலியீச்சின் மரணம்' (1886) படிக்கக் கிடைத்தது. தொடக்கமே நீதிமன்றம், விசாரணையின் இடைவேளையில் சக நீதிபதி இவான் இலியீச்சின் மரண அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்க்கிறார்கள், ஒவ்வொருவர் மனமும் உடனே அந்த இடம் யாருக்குப் போகும், அதனால் காலியாகும் இடம் யாருக்கு வரும் என்று கணக்குப் போடுகிறது. தூலா நகர நீதிமன்றத்தில் பணியாற்றி 1881இல் இறந்த இவான் மெச்னிகோவ் என்பவரை மனத்தில் வைத்து எழுதிய கதை அது. அலுவலகத்தின் உள்ளே உட்கார்ந்து பார்த்தவர்போலத்தான் டால்ஸ்டாய் எழுதியிருக்கிறார்.

இக்கதையின் குறியீடுகளாக, இறப்பவன் தன்னை யாரோ திணிப்பதாக உணரும் கறுப்புச் சாக்கையும் கடைசியில் தெரியும் ஒளியையும் சொல்வது வழக்கம். என்னைப் பிடித்து நிறுத்தியது மருத்துவர் காட்சி. தனக்கு உயிராபத்து உண்டா என்பது மட்டுமே இவான் இலியீச்சின் கேள்வி. மருத்துவருக்கோ கோளாறு சிறுநீரகத்திலா குடலிலா என்பதே வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நின்றவர்களிடம் தான் ஆயிரம் முறை காட்டிய அதே மிடுக்கான முகத்தை இப்போது எதிரே பார்க்கிறார். முடிவை எண்ணிப்பார் என்று லத்தீனில் பொறித்த பதக்கத்தைப் பட்டம் பெற்றபோதே கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொண்டவர் அவர். அது அவருக்கு அணிகலனாகவே இருந்துவிட்டது.

வீட்டில் எல்லாரும் அவர் சாகப்போகிறவர் அல்ல, வெறும் நோயாளிதான் என்று நடிக்கும்போது, கெராசிம் என்ற குடியானவ இளைஞன் மட்டும் இரவெல்லாம் அவருடைய கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எல்லாரும் ஒருநாள் சாகப்போகிறவர்கள்தானே, இதில் என்ன சிரமம் என்கிறான். 1895இல் வந்த 'எஜமானனும் பணியாளும்' கதையில், பேரம் ஒன்றை முடிக்கப் பனிப்புயலிலும் புறப்பட்ட வியாபாரி, உறைந்துகொண்டிருக்கும் வேலையாள்மீது தன் உடலையே போர்வையாக்கிப் படுத்து இறக்கும்போதும் இதே எண்ணம்தான் தொடர்கிறது: டால்ஸ்டாய்க்கு அறம் என்பது பேச்சு அல்ல, உடல் செய்யும் வேலை.

ஒரே ஓர் இடத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. கணவனின் உடல் வீட்டில் கிடக்கையில் அரசிடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் பெற வழியுண்டா என்று மனைவி விசாரிப்பதை அவர் ஏளனமாக எழுதுகிறார். அந்தக் கேள்வியோடு என் மேசைக்கு வந்த பெண்கள் பலர். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவர்கள். ஏளனத்துக்குரியது கேள்வி அல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் முகம்.

அந்தச் சக ஊழியரின் மனைவியும் நெகிழி உறையில் சான்றிதழ்களோடு வந்திருந்தார். வாரிசுச் சான்று இல்லாமல் எதுவும் நகராது என்று, அவர் நின்றுகொண்டிருக்கும்போதே, கோப்பிலிருந்து தலையை உயர்த்தாமல் சொன்னேன். எங்கள் டவாலிதான் வெளியே போய் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, "உக்காருங்கம்மா" என்று போட்டார். அதன் ஒரு கால் ஆடும் என்பதால், அந்த அம்மா எழுந்து போகும்வரை அதைத் தன் பாதத்தால் அழுத்திப் பிடித்தபடியே நின்றிருந்தார்.