சூடில்லாத வீக்கம்: தசையில் வரும் காசநோய்

தொடையில் ஒரு வீக்கம், இரண்டு மூன்று மாதமாக மெல்ல மெல்லப் பெருத்து வருகிறது. தொட்டால் சூடில்லை. தோல் சிவக்கவில்லை. வலியும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, அழுத்தினால் மட்டும் உள்ளே ஏதோ தளும்புகிறது. கொழுப்புக்கட்டி என்றோ, எப்போதோ அடிபட்டு ரத்தம் கட்டியது என்றோ சொல்லி அனுப்பிவிடத் தோன்றும். தசைக் காசநோய் பெரும்பாலும் இந்த வேஷத்தில்தான் வரும்.

அரிய நோய்தான். தசையில் ரத்த ஓட்டமும் லாக்டிக் அமிலமும் அதிகம், நிணநீர்த் திசு குறைவு. கிருமி அங்கே எளிதில் குடியேறாததற்கு இவற்றைக் காரணமாகச் சொல்வார்கள். ஆனாலும் பக்கத்து எலும்பிலிருந்தோ மூட்டிலிருந்தோ அது தசைக்குள் இறங்கும், ரத்தம் வழியாகவும் வந்து சேரும். முதுகெலும்பில் உள்ள காசநோய் சோவாஸ் தசையின் (முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் தசை) உறைக்குள்ளேயே வழிந்து இறங்கி, தொடை இடுக்கில் கட்டியாகத் தலைகாட்டும். அப்படிப்பட்டவர் இடுப்பை மடக்கியே படுத்திருப்பார், காலை நீட்டச் சொன்னால் வலிக்கும். எச்.ஐ.வி., டயாலிசிஸ், நாள்பட்ட ஸ்டீராய்டு ஆகியவை ஆபத்தைக் கூட்டும். எந்தக் குறையும் இல்லாதவருக்கும் வருவதுண்டு.

ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற சாதாரணச் சீழ்க் கிருமியால் வரும் தசைச் சீழ் இப்படி நடந்துகொள்ளாது. சில நாட்களிலேயே கடும் வலி, காய்ச்சல், வெள்ளணுக்கள் எகிறுவது என்று ஆர்ப்பாட்டம் செய்யும். காசநோயில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகள் கூடியிருக்கலாம், தசை நொதியான சி.கே. பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மார்பு எக்ஸ்-ரே சுத்தமாக இருப்பதை வைத்து காசநோய் இல்லை என்று முடிவு கட்டக்கூடாது, நுரையீரலுக்கு வெளியே நோய் உள்ள பலருக்கும் அது சுத்தமாகத்தான் இருக்கும். தோலில் போடும் மான்டூ ஊசியும் இக்ரா ரத்தப் பரிசோதனையும் கிருமி எப்போதாவது உடலுக்குள் வந்ததா என்பதைத்தான் காட்டும். இந்தக் கட்டியில் இருப்பது அதுதானா என்று அவை சொல்லாது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு நெகட்டிவ் முடிவும் நம்பத்தக்கதல்ல.

முதலில் அல்ட்ராசவுண்ட். அடுத்து கான்ட்ராஸ்டுடன் (படம் தெளிவாகத் தெரிய ரத்தத்தில் ஏற்றும் மருந்து) எம்.ஆர்.ஐ.: நடுவில் திரவம் டி2 என்ற படவகையில் பளிச்சென்றும், சுற்றுச்சுவர் மட்டும் மருந்தை ஏற்று வளையம் போலவும் தெரியும். பக்கத்து எலும்பையும் மூட்டையும் கட்டாயம் பார்க்க வேண்டும். கட்டி திடமாகத் தெரிந்தால் சார்கோமா என்ற புற்றுநோயாகவும் இருக்கலாம். அப்போது மாதிரி எடுக்க ஊசி போகும் பாதையை, பின்னால் அறுவை செய்யப்போகும் மருத்துவரே தீர்மானிக்கட்டும்.

இவ்வளவும் சந்தேகத்தை வலுப்படுத்தும், அவ்வளவுதான். நோயை உறுதி செய்வது உள்ளிருந்து எடுக்கும் மாதிரி. என் கணிப்பில் பெரும்பாலான தாமதம் பிறப்பதும் இங்கேதான்.

சீழ் கெட்டியாக இருக்கும் என்பதால் அகன்ற துளையுள்ள ஊசி வேண்டும். கட்டியின் தாழ்ந்த பகுதியில், மெலிந்து பளபளக்கும் தோலில் குத்தினால் அந்தத் துளையே சீழ் கசியும் ஆறாத புரையாகிவிடலாம். சற்றுத் தள்ளி, நல்ல தோல் வழியாகச் சாய்வாக நுழைவதே முறை. காசநோய்தானா என்று பார்க்காமல் கீறிவிட்டு, மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங் போட்டுக்கொண்டிருப்பது இதைவிட மோசம்.

பஞ்சுக்குச்சி கூடாது. அதில் ஏறும் அளவு சொற்பம், மெழுகுத்தன்மையுள்ள இந்தக் கிருமி பஞ்சோடு ஒட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வெளியே வராது. கிடைக்கும் சீழில் சில மில்லிலிட்டராவது கிருமி நீக்கிய டப்பாவில் போக வேண்டும். கட்டியின் சுவரிலிருந்து திசு எடுத்தால் இரண்டு பங்கு: ஒன்று பார்மலினில் நோயியல் பிரிவுக்கு, மற்றது சிறிது சலைனில் (உப்புநீர்) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை). முழுவதையும் பார்மலினில் போட்டுவிட்டால் கல்ச்சர் போயே போய்விட்டது, கிருமி செத்துவிடும்.

படிவத்தில் 'சீழ், கல்ச்சர்' என்று மட்டும் எழுதினால் மற்ற பாக்டீரியாவுக்கான சாதாரணக் கல்ச்சர் மட்டுமே செய்வார்கள். சில நாட்களில் 'எதுவும் வளரவில்லை' என்று முடிவு வரும். சிரிஞ்சு நிறையச் சீழ் வந்திருக்கிறது, அதில் ஒன்றும் வளரவில்லை என்றால் அதுவே காசநோய்க்குப் பெரிய துப்பு!

நுண்ணோக்கியில் பார்க்க ஏற்றும் சீல்-நீல்சன் சாயத்தில் காசநோய்க் கிருமி தென்பட ஒரு மில்லிலிட்டரில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது வேண்டும். தசைச் சீழில் அவ்வளவு இருப்பது குறைவு என்பதால் அது நெகட்டிவ் ஆவதில் வியப்பில்லை. ஜீன்எக்ஸ்பர்ட் சுமார் 2 மணி நேரத்தில் கிருமியையும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அதன் எதிர்ப்பையும் காட்டும். திரவக் கல்ச்சரை 6 வாரம்வரை வைத்துப் பார்த்த பிறகே நெகட்டிவ் என்பார்கள், பொறுமை வேண்டும். மற்ற மருந்துகள் கேட்குமா என்று தெரிந்துகொள்ளவும் அந்தக் கல்ச்சர் தேவை. திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது நடுவே சிதைந்த கிரானுலோமாவும் (அழற்சி செல்களின் திரள்) லாங்ஹான்ஸ் ராட்சச செல்களும் தெரிந்தால் சந்தேகம் நன்றாகவே வலுக்கும். ஆனால் பூஞ்சையும், காசநோய் அல்லாத மைகோபாக்டீரியாவும் இதே காட்சியைக் காட்டக்கூடும்.

மாதிரி எடுக்கும் முன்பே லெவோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தொடங்குவது இன்னொரு சிக்கல். காசநோய்க் கிருமியை அது பாதி அடக்கும். வீக்கம் கொஞ்சம் வற்றும், கல்ச்சர் பொய்க்கும், கிருமிக்கு மருந்தெதிர்ப்பும் உருவாகலாம்.

சரியான கூட்டு மருந்து தொடங்கிய சில வாரங்களில் கட்டி திடீரென்று பெரிதானால் உடனே மருந்து வேலை செய்யவில்லை என்று மாற்றிவிடக்கூடாது. உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்வதாலும் அப்படி ஆகும். மறுபடி சீழ் எடுத்துக் கல்ச்சர் செய்ய வேண்டும். செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் ஜீன்எக்ஸ்பர்ட் பிடிக்கும் என்பதால் அப்போது அதன் பாசிட்டிவை மட்டும் நம்ப முடியாது.