எட்டு எட்டில் முடிந்த இறக்கை

மகள் வீட்டுக்கு ம்யூனிக் வந்து மூன்று வாரமாகிறது. சனிக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு ஷ்லைஸ்ஹைம் விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். அவன் ஹெலிகாப்டரைத் தேடி ஓடிவிட்டான். நான் ஒரு குட்டிப் போர்விமானத்தின் முன்னால் நின்றுவிட்டேன். ஹெச்.ஏ.300. முக்கோண இறக்கை. நுனியிலிருந்து நுனிக்கு நடந்து பார்த்தேன், எட்டு எட்டில் முடிந்துவிட்டது.

வரைந்தவர் ஜெர்மானியரான மெஸ்ஸர்ஷ்மிட், ஸ்பெயினுக்காக. 1960இல் ஸ்பெயின் கைகழுவ, நாசரின் எகிப்து எடுத்துக்கொண்டது. கெய்ரோவுக்குத் தெற்கே ஹெல்வானில் வேலை. எஞ்சின் செய்ய பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர். இவர் போருக்குப் பின் சோவியத் காவலில் இருந்து, அங்கேயே எஞ்சின் வடிவமைத்தவர். அதுவே தனிக்கதை.

நாம் எங்கே வருகிறோம்? பெங்களூரில் அப்போது இன்னொரு ஜெர்மானியர், குர்ட் டாங்க், நமக்காக மாருத் என்ற போர்விமானத்தை வடிவமைத்து 1961இல் பறக்கவும் வைத்துவிட்டார். ஒலியைப்போல் இரு மடங்கு வேகத்துக்கு என்று திட்டமிட்ட உடல். உள்ளே இருந்த இரண்டு ஆர்ஃபியஸ் எஞ்சின்களுக்கோ அவ்வளவு மூச்சு கிடையாது. கூடுதல் சக்தியுள்ளதை உருவாக்கித்தர அந்த எஞ்சினைச் செய்த பிரிட்டிஷ் கம்பெனி பணம் கேட்டது, டெல்லி கொடுக்கவில்லை. சரி, எகிப்தில் பிராண்ட்னர் செய்துகொண்டிருந்த ஈ-300 எஞ்சினையாவது பிடிப்போம் என்று கூட்டு சேர்ந்தோம். 1964 மார்ச் 7 அன்று ஹெச்.ஏ.300ஐ முதன்முதலாக ஓட்டியவர் நம் விமானப்படையின் கபில் பார்கவா. அன்று அதற்குள் இருந்ததும் ஆர்ஃபியஸ்தான்! ஈ-300 இன்னும் தயாராகவில்லை.

இந்த வலி எனக்குத் தெரியும். பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருந்தபோது பம்ப் உடல் நாங்கள், மோட்டார் கூட்டாளி என்று ஒரு ஆர்டர் எடுத்தோம். உடல் முடிந்து நான்கு மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. மோட்டார் "அடுத்த வாரம்" வந்துகொண்டே இருந்தது.

பிறகு ஒரு மாருத் ஹெல்வானுக்கே போனது. ஒரு பக்கம் ஆர்ஃபியஸ், மறுபக்கம் ஈ-300 என்று 1967இல் பறந்தும் பார்த்தார்கள். அதே வருடம் ஜூனில் எகிப்துக்கு இஸ்ரேலுடன் போர். 1969இல் எகிப்து திட்டத்தையே மூடிவிட்டது. மாருத் கடைசிவரை ஆர்ஃபியஸோடுதான் பறந்தது.

பேரன் டிசம்பரில் பெங்களூர் வருகிறான். கஸ்தூர்பா சாலை விஸ்வேஸ்வரய்யா மியூசியத்தில் ஒரு மாருத் நிற்கிறது. அதன் பின்பக்கம் கூட்டிப்போய் அந்த இரண்டு வாய்களையும் காட்ட வேண்டும்.