பாலப்பத்துக்கு எப்ப பிள்ளை பசுப்பால் விட்டனாங்கள்?

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு தனி, மத்தியானச் சாப்பாடு தனி என்று கிடையாது. ஏழு மணிக்கு நான் பையைத் தூக்கிக்கொண்டு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் வந்து, அம்மா கோயிலுக்குப் போய்த் திரும்பி, தம்பி குடும்பம் கொட்டாஞ்சேனையில் இருந்து பஸ் பிடித்து வந்து சேர எப்படியும் பத்தரை ஆகிவிடும். அப்போது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் பின்னேரம் பால் விடாத பிளேன்ரீ வரைக்கும் யாருக்கும் பசிக்காது. இதைத்தான் பிரன்ச் என்கிறார்கள். 1895 இல் இங்கிலாந்தில் ஒருவர் பத்திரிகையில் கட்டுரை எழுதி அந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே இல்லை, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, அவ்வளவுதான்.

அந்தச் சாப்பாட்டை நான் முழுக்க வீகனாகச் சமைக்கிறேன். வீகன் என்ற சொல்லும் இங்கிலாந்தில் 1944 இல் உருவானதுதான். எங்களுக்கு ஏற்கெனவே சைவம் என்று ஒரு சொல் இருக்கிறதே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இருக்கிறது, ஆனால் சைவக்கடைக்குப் போனால் நெய்த்தோசை உண்டு, தயிர் உண்டு, பால் ரீ உண்டு. மீன், இறைச்சி, முட்டை மட்டும்தான் சைவத்துக்கு ஆகாது. வீகன் என்றால் பால், தயிர், நெய், தேன் எல்லாமே இல்லை. இந்த இடைவெளி சின்னதுதான், ஆனால் நாங்கள் தடுக்கி விழுவது அதில்தான்.

நான் தொடங்கியது கொள்கையால் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் கொழும்பில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும், காஸுக்கு வரிசை, ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரைக்கும் கரண்ட் இல்லை, கடைகளில் பால்மா கிடையாது, கிடைத்தாலும் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வர வேண்டும். அந்த மாதங்களில் நாங்கள் பிளேன்ரீக்குப் பழகினோம். பிறகு பால்மா திரும்பி வந்தபோது நான் வாங்கவில்லை, ஏனென்றால் அதற்குள் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரத் தொடங்கியிருந்தது. சின்ன வயதில் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெரியப்பா வீட்டில் ஒரு பசு நின்றது. அது ஈன்றது நாம்பன், அதாவது ஆண் கன்று என்றால் அதைக் கொஞ்ச நாளில் விற்றுவிடுவார்கள். தாய்ப்பசு இரவெல்லாம் கத்தும். காலையில் அந்தப் பாலில்தான் எங்களுக்குக் கோப்பி. அப்போது கேட்காத கேள்வியை நாற்பது வயதில் கேட்டுக்கொண்டேன், அதற்குப் பிறகு என்னால் குடிக்க முடியவில்லை.

அம்மாவுக்கு இது பெரிய கவலை. "பாலும் வேண்டாம், தயிரும் வேண்டாம், நெய்யும் வேண்டாமெண்டா என்னத்தைப் பிள்ளை சாப்பிடப் போறாய்?" அவருக்குப் பால் என்றால் சத்து, பால் இல்லாத வீடு என்றால் ஏதோ குறை வந்த வீடு.

முதல் சில மாதங்கள் நானும் பிழையான பக்கத்தில் இருந்துதான் யோசித்தேன். முட்டைக்கு எது, சீஸுக்கு எது, வெண்ணெய்க்கு எது என்று தேடி, சூப்பர் மார்க்கெட்டில் இறக்குமதியான பெட்டிகளை விலை பார்க்காமல் வாங்கினேன். பான்கேக் செய்தேன், சீஸ் போட்ட பாண் செய்தேன். யாரும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை நான் மேசையில் இருந்து பட்டியல் எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா அப்பத்துக்கு அரிசி ஊறப் போட்டபடி கேட்டார்: "பாலப்பத்துக்கு நாங்கள் எப்ப பிள்ளை பசுப்பால் விட்டனாங்கள்?"

பட்டியலைக் கிழித்துப் போட்டேன். உண்மைதானே. அப்பத்தின் நடுவில் நாங்கள் விடுவது தேங்காய்ப்பால். இடியப்பத்துக்கு ஊற்றும் சொதி தேங்காய்ப்பால். புட்டுக்குள் தேங்காய்ப்பூ. புத்தாண்டு அன்று எங்கள் சிங்களப் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து தரும் கிரிபத் என்ற பாற்சோறும் தேங்காய்ப்பாலில் செய்ததுதான். நாங்கள் 'பால்' என்று சொல்லிச் சொல்லியே சமைத்ததில் பாதி மாட்டில் இருந்து வந்ததே இல்லை.

அதனால் அப்பத்தைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன். இரண்டு கோப்பை பச்சையரிசியைச் சனிக்கிழமை மத்தியானம் ஊறப் போட்டு, பின்னேரம் ஒரு பிடி சோறும் சேர்த்து அரைக்க வேண்டும். அரைக்கும்போது தண்ணீருக்குப் பதில் தேங்காய்த் தண்ணீர் விடுங்கள், காலையிலேயே எடுத்து ஒரு கரண்டி சீனி போட்டு மூடி வைத்தது என்றால் இன்னும் நல்லது, அது பின்னேரத்துக்குள் மெல்லப் புளிக்கத் தொடங்கியிருக்கும். ஊரில் கள்ளு விட்டுப் புளிக்க வைப்பார்கள். தொடர்மாடியில் ஐந்தாம் மாடியில் இருக்கும் நான் நல்ல கள்ளுக்கு எங்கே போவது? தேங்காய்த் தண்ணீர் போதும், அவசரம் என்றால் கால் தேக்கரண்டி ஈஸ்ட் சேர்க்கலாம். ஈஸ்ட் ஒரு வகைப் பூஞ்சை, அதில் விலங்கில் இருந்து எடுத்தது எதுவும் இல்லை, இதை நிறையப் பேர் கேட்டதால் சொல்கிறேன். கொழும்பு வெக்கையில் இரவு முழுக்க வெளியே வைத்தாலே மா பொங்கிவிடும், பாத்திரம் பெரிதாக இருக்க வேண்டும்.

காலையில் உப்பும், கொஞ்சம் சீனியும், அரைக் கோப்பை முதற்பாலும், அதாவது தேங்காய்ப்பூவை முதல் தடவை பிழிந்த கட்டிப்பாலும், கலக்க வேண்டும். ஓரம் பொன்னிறமாக மொறுமொறு என்று வருவது இந்தச் சீனியாலும் பாலாலும்தான். சீனியைக் கூட்டினால் நடு வேகும் முன்னரே ஓரம் கருகும், அடியிலும் ஒட்டும். தாச்சி சூடானதும் ஓர் அகப்பை மா விட்டுச் சுழற்றி, ஓரம் பிடித்தவுடன் நடுவில் இரண்டு கரண்டி கட்டிப்பால், அதில் ஒரு துளி உப்பு, விரும்பினால் சீனி. மூடி, இரண்டு மூன்று நிமிடம். நடு அசைந்தும் அசையாமலும் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும், கொஞ்சம் பிந்தினால் இறுகிப் போகும். முட்டையப்பம் இல்லையே என்று எங்கள் மேசையில் யாரும் கேட்டதில்லை.

சொதியில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெந்தயம், மஞ்சள், நறுக்கின தக்காளி எல்லாவற்றையும் இரண்டாம் பாலில் போட்டு நன்றாக அவிய விடுங்கள், அது எவ்வளவு கொதித்தாலும் பரவாயில்லை. முதற்பால் விட்ட பிறகுதான் அடுப்பை விட்டு அசையக்கூடாது. தேங்காய்ப்பால் என்பது தண்ணீருக்குள் எண்ணெய்த் துளிகள் கலந்து நிற்பது. அந்தத் துளிகளைப் பிரியவிடாமல் பிடித்து வைத்திருப்பது தேங்காயில் உள்ள புரதம். கொதி கூடினால் அந்தப் புரதம் திரண்டுவிடும், எண்ணெய் மேலே மிதக்கும், சொதி திரைந்த மாதிரி ஆகிவிடும். புளியும் அதே வேலையைத்தான் செய்யும். அதனால் மெல்லிய நெருப்பில் அகப்பையால் ஆற்றிக்கொண்டே இருந்து, நுரை கட்டி ஓரத்தில் எழும்பும்போது இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு தேசிக்காய்ப் புளி. அம்மா இதை எந்த விளக்கமும் இல்லாமல் கையால் பழகி வைத்திருக்கிறார். எனக்குக் காரணம் தெரிந்த பிறகுதான் கை பழகியது.

தேங்காய் விலையையும் சொல்லத்தான் வேண்டும். 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மிகச் செலவான பொருள் அதுதான். அப்போது நான் மூன்றாம் பால் வரைக்கும் பிழிந்தேன், பிழிந்த பூவையும் வீசாமல் தாச்சியில் போட்டு மெல்ல வறுத்துப் போத்தலில் போட்டு வைத்தேன். கறிக்கு மேலே தூவ, சுண்டலுக்குச் சேர்க்க அது நன்றாக உதவியது, இப்போதும் அப்படியே செய்கிறேன்.

சம்பல் விஷயத்தில் கவனம் தேவை. கொழும்பில் வெளியே வாங்கும் சம்பல், அது பொல் சம்பலோ கட்டச் சம்பலோ, பெரும்பாலும் மாசி, அதாவது காய்ந்த மீன், போட்டதாக இருக்கும், பார்வைக்குத் தெரியாது. "மரக்கறிச் சாப்பாடு" என்று கேட்டு வாங்கிய இடியப்பப் பார்சலில் மாசிச் சம்பல் இருந்தது எனக்கு ஒரு தடவை நடந்தது, அன்றைக்கு மனம் சரியாகவே இல்லை. வீட்டில் நாங்கள் செத்தல் மிளகாயைப் பொரித்து, உப்பு, சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, பழப்புளி வைத்து இடிப்போம். மாசிக்குப் பதில் என்ன போடுவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: ஒன்றும் வேண்டாம், மிளகாயை நன்றாகப் பொரியுங்கள், கிரைண்டரில் போட்டுக் களியாக்காமல் உரலில் இடியுங்கள்.

என் மருமகனுக்கு ஒன்பது வயது, அவனுக்கு முட்டை பிடிக்கும். அவனுக்காகப் பழகியதுதான் கடலைமா ஒம்லெட். ஒரு கோப்பை கடலைமா, முக்கால் கோப்பை தண்ணீர், மஞ்சள், உப்பு, பொடியாக அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை. கரைத்தவுடன் சுடக்கூடாது, இருபது நிமிடம் ஊறினால்தான் பச்சை வாசம் போகும். கடைசியில் ஒரு சிட்டிகை கறுப்பு உப்பு. அதில் கந்தக வாசனை உண்டு, முட்டையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வாசனைதான். சாதாரண உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். மூடி வைத்து மெல்லிய நெருப்பில் சுட்டால் உள்ளே மெத்தென்று இருக்கும். போன கிழமை வந்த உடனேயே சப்பாத்தைக் கழற்றும் முன்னம் கேட்டான்: "மாமி, இண்டைக்கும் மஞ்சள் ஒம்லெட் போடுவீங்களோ?" முட்டைக்குப் பதில் தேடுவது பிழை என்று மேலே எழுதியிருக்கிறேன், பிள்ளைகள் விஷயத்தில் அதை மாற்றிக்கொள்கிறேன்.

மேசையில் கனமாக ஏதாவது வேண்டும் என்றால் பொலொஸ், அதாவது பிஞ்சுப் பலாக்காய்க் கறி. சந்தையில் வெட்டித் துண்டாகவே விற்பார்கள். முழுக்காயாக வாங்கினால் கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டுங்கள், காயின் பால் ஒட்டினால் லேசில் போகாது. வறுத்த கறித்தூள், கறுவா, ரம்பை, புளிப்புக்குக் கொறக்காய், இரண்டாம் பால், மண்சட்டி, பிறகு பொறுமை. நான் சனிக்கிழமை இரவே ஒன்றரை மணி நேரம் மெல்ல அவிய விட்டு வைத்துவிடுவேன், ஞாயிறு காலையில் சூடாக்கும்போது உறைப்பும் புளிப்பும் காய்க்குள் இறங்கியிருக்கும். பலாவைச் சிங்களத்தில் சோற்று மரம் என்று சொல்வதுண்டு. பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸ் என்பவர் 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது சிறை சென்று வந்தவர். நாட்டில் பஞ்சம் வந்தால் சனம் பட்டினி கிடக்கக்கூடாது என்று பத்து லட்சம் பலா நடும் இயக்கத்தை அவர் நடத்தினார். சனம் அவரைக் 'கொஸ் மாமா', அதாவது பலா மாமா, என்றே கூப்பிட்டது. 2022 இல் எங்கள் தெருவில் ஒரு வீட்டு வளவில் நின்ற பலா மரம் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்று கண்ணால் பார்த்தபோது அந்த மனிதரை நான் நன்றியோடு நினைத்தேன்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாண் வாங்கினால் கேட்டு வாங்குங்கள், மேலே பளபளக்கும் பணிஸுக்கு முட்டை பூசியிருப்பார்கள், றோஸ் பாணில் பிரச்சினை குறைவு, ஆனாலும் கேளுங்கள். இனிப்புக்குத் தேன் வேண்டாம், கித்துள் பாணி இருக்கிறது. ரீக்குத் தேங்காய்ப்பால் விட்டுப் பார்த்தேன், எண்ணெய் மிதந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீயும் கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியும் போதும். அப்புறம், முழுக்க வீகனாக இருப்பவர்கள் விட்டமின் பி12 மாத்திரை எடுக்க வேண்டும். தாவர உணவில் அது நம்பும்படி கிடைப்பதில்லை. டொக்டரிடம் கேட்டு எடுங்கள், தேங்காய்ப்பாலோடு சமாளிக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அம்மா இன்னும் விடியற்காலையில் பால் ரீ குடிக்கிறார், அவருடைய பால்மா டின் அலுமாரியில் அவர் கைக்கு எட்டும் தட்டில் இருக்கிறது, நான் அதைத் தொடுவதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மேசையில் அவரும் எங்களோடு பிளேன்ரீதான். போன கிழமை எல்லோரும் எழும்பிய பிறகு சட்டியில் ஓர் அப்பத்துக்கு மா மிச்சம் இருந்தது. சுட்டுத் தரவா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்று என்னை இருத்திவிட்டு, தானே தாச்சியை அடுப்பில் வைத்து, நடுவில் மூன்று கரண்டி முதற்பால் விட்டு, "நீதான் இன்னும் சரியாச் சாப்பிடேல்லை" என்று என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார்.